குலுங்கும் வேனும் கொடுக்காத கூலியும்

காலை எட்டு மணி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சி.டி.எச். சாலை சிக்னலில் ஒரு பழைய ஆம்னி வேன் வந்து நிற்கிறது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். வண்டி சும்மா நிற்கவில்லை, குலுங்குகிறது. பக்கக் கண்ணாடி நடுங்குகிறது. ஓட்டுநர் ஒரு காலை கிளட்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு காலால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கிறார். ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி ஆஃப் ஆகிவிடும். பின்னால் நிற்கிற பஸ்காரர் ஹாரன் அடிப்பார். பச்சை விழுந்து வண்டி வேகம் எடுத்ததும் எல்லாக் குலுக்கலும் போய்விடுகிறது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தக் குலுக்கலுக்குக் காரணம் பல நேரங்களில் வயது இல்லை. ஒரு டீ, வடை காசுக்குக் கிடைக்கிற ரப்பர் டியூபில் விழுந்த வெடிப்புகூட அதற்குப் போதும். அந்த டியூபைக் கண்டுபிடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் ஏன் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மாருதி 1984ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 1988ல் அதற்கு ஆம்னி என்று பெயர் மாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருப்பதால் மூக்கு இல்லாத தட்டையான முகம். 2019ல் தயாரிப்பு நின்றது. ஆனால் நம் தெருக்களில் இன்னும் நிற்கவில்லை. பிள்ளைகளை ஏற்றவும், காய்கறி, தண்ணீர் கேன் ஏற்றவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் வந்த ஆம்னிகளில் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. அதற்கு முந்தையவை கார்புரேட்டர் வண்டிகள். இங்கே பேச்சு பெரும்பாலும் அந்தக் கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றித்தான்.

ஏன் நிற்கும்போது மட்டும் குலுங்குகிறது?

பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சித்தான் ஓடுகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கு ஏற்ப பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் காற்று போகிற வழி கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். ஆனால் பிஸ்டன்கள் இழுப்பதை நிறுத்துவதில்லை. வாயை மூடிக்கொண்டு ஸ்ட்ராவை உறிஞ்சுவது போல, உள்ளே பலமான வெற்றிடம் உண்டாகிறது. இதைத்தான் வேக்குவம் என்கிறார்கள்.

இந்த நேரத்தில் கார்புரேட்டருக்குக் கீழே எங்காவது ஒரு ஓட்டை இருந்தால், அதன் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துவிடும். இந்தக் காற்று கார்புரேட்டருக்குத் தெரியாது. அதற்கான பெட்ரோலும் வராது. கலவை நீர்த்துப்போய், ஏதாவது ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழுந்தும் பற்றாமல் போகும். நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுகிற இன்ஜினில் ஒரு சிலிண்டர் 450 முறை எரிய வேண்டும். மூன்றே சிலிண்டர் உள்ள வண்டியில் ஒன்று விட்டுவிட்டு எரிந்தால் குலுங்காமல் என்ன செய்யும்?

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்த 796 சிசி இன்ஜின் ஐடிலிங்கில் இழுக்கும் காற்று நிமிடத்துக்கு 100 லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அந்த வேக்குவத்தில் 2 மில்லி மீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 30 லிட்டர் வரை காற்றை விட்டுவிடும். வரவில் கால் பங்குக்கு மேல் கணக்கில் வராத காற்று! அதே இன்ஜின் முழு வேகத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேல் இழுக்கும்போது, வேக்குவமும் குறைந்துவிடுவதால் அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் சிக்னலில் குலுங்குகிற வண்டி சாலையில் சாதுவாகப் போகிறது. வேகத்திலும் குலுங்கினால் பிளக், ஒயர், வால்வு என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பட்டறையில் நடப்பது என்ன?

ஒரு ஓட்டுநர் பட்டறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, சிக்னல்ல நிக்க மாட்டேங்குதுண்ணே. ஆஃப் ஆயிடுது."

"பிளக்க மாத்திப் பாப்போம் தம்பி. அப்பவும் சரியா வரலன்னா கார்புரேட்டர கழட்டிடுவோம்."

பிளக் மாறுகிறது. குலுக்கல் போகவில்லை. அடுத்த வாரம் கார்புரேட்டர் கழற்றி ஜெட் கிளீனிங். ஒரு நாள் வண்டி ஓடவில்லை, வருமானமும் இல்லை. ஓரளவு சரியாகி மறுபடியும் ஆரம்பிக்கிறது. கடைசியில் ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, "இனிமே ஆஃப் ஆகாது, போ தம்பி" என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்டி ஆஃப் ஆகவில்லைதான். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வையை மட்டும் போர்த்திவிட்ட கதை!

இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பிக்க வேண்டாம். அவர் திறமை இல்லாதவர் அல்ல, ஏமாற்றுக்காரரும் அல்ல. கணக்குப் பாடத்தின் கண்ணால் பார்த்தால் அவர் செய்வது சரிதான். எப்படி என்றால், பிளக் மாற்றினால் அவருக்குக் கூலி உண்டு. கார்புரேட்டர் கழற்றினால் கூலி உண்டு. முக்கால் மணி நேரம் குனிந்து நின்று ஒவ்வொரு டியூபாக அழுத்திப் பார்த்து, கடைசியில் ஒரு வெடித்த டியூபைக் காட்டினால் என்ன கிடைக்கும்? "ஒரு டியூப்தானே மாத்துனீங்க, இதுக்கா இவ்வளவு?" என்ற கேள்விதான் கிடைக்கும். தேடியதற்குக் கூலி இல்லை, மாற்றியதற்கு மட்டும்தான் கூலி என்றால், யாராக இருந்தாலும் மாற்றத்தான் செய்வார்கள். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இது நடக்கிற இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. பக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர் மோட்டார்களும் ஆல்டர்னேட்டர்களும் செய்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ல் விஜயந்தா டாங்கியே வெளியே வந்தது. ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1980களில் தொடங்கி கார்புரேட்டர் செய்த யூக்கல் நிறுவனத்தின் முகவரியும் இதே அம்பத்தூர் தொழிற்பேட்டைதான். இந்தத் தொழிற்சாலைகளில் எந்த ஒரு பாகத்தையும் அளந்து பார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். அளந்து பார்ப்பதற்கென்றே ஆட்கள், அவர்களுக்குத் தனிச் சம்பளம். அவர்கள் ஒரு நட்டைக்கூடத் திருகுவதில்லை. ஆனாலும் யாரும், "சும்மா பார்த்ததுக்கா சம்பளம்?" என்று கேட்பதில்லை. காம்பவுண்டு சுவருக்கு உள்ளே பார்ப்பது ஒரு வேலை. சுவருக்கு வெளியே, ரோட்டோரப் பட்டறையில், அதே பார்ப்பது இலவசம்!

பார்ப்பது என்றால் என்ன?

அப்படி என்ன பெரிதாகப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். வேக்குவம் டியூப்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக அழுத்தி மூட வேண்டும். எந்த டியூபை மூடியதும் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறிச் சீராகிறதோ, ஓட்டை அந்தப் பாதையில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய டியூப், இன்ஜின் ஆவியைத் திரும்ப இழுக்கும் ஹோஸ், பூஸ்டர் உள்ள வண்டி என்றால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ் ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். சில வண்டிகளில் முன்பு எப்போதோ போட்டுக் கழற்றிய கேஸ் கிட்டின் இணைப்பை ஒரு போல்ட் வைத்து அடைத்திருப்பார்கள். அதையும் விடக்கூடாது.

டியூப்கள் நன்றாக இருந்தால் அடுத்தது கேஸ்கெட். கார்புரேட்டர் உட்காரும் இடத்திலும், மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்திலும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும், சத்தமும் ஒரு கணம் மாறும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. மூன்றில் ஒன்று மட்டும் வெளுத்துக் கிடந்தால் அந்த சிலிண்டருக்குப் பக்கத்துக் கேஸ்கெட்டின் மேல் சந்தேகப்படலாம். மூன்றும் கறுத்துக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, பிரச்னை வேறு.

வேக்குவம் மீட்டர் என்று ஒன்று உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ் செலவோடு ஒப்பிட்டால் பெரிய விலை இல்லை. சென்னை போல கடல் மட்டத்தில் இருக்கும் ஊரில், நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் ஆடாமல் ஆனால் கீழே நின்றால் காற்று கசிவு அல்லது டைமிங் கோளாறு. முள் விட்டுவிட்டுத் துள்ளினால் வால்வையோ எரியாத சிலிண்டரையோ பார்க்க வேண்டும். ஒரே மீட்டர், இத்தனை பதில்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, பாதி பதில் ஓட்டுநரின் கையிலேயே இருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல! எமிஷன் டெஸ்ட் எடுத்துக் கொடுக்கிற சீட்டு இருக்கிறதே, அது ஐடிலிங்கில்தான் எடுக்கப்படுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்று இரண்டு எண்கள் இருக்கும். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்கு வரம்பு 3 சதவீதமும், பத்து லட்சத்தில் 1500 பங்கும். பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதமும் 750 பங்கும். பெட்ரோல் அதிகம் போனால் மோனாக்சைடு ஏறும். காற்று கசிந்து கலவை நீர்த்துப்போனால் மோனாக்சைடு குறைந்து, எரியாமல் போன பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக ஏறும். முதல் எண் கீழே, இரண்டாவது எண் மேலே என்றால் காற்று கசிவைத் தேடு என்று சீட்டே சொல்கிறது. தீப்பொறி சரியில்லை என்றாலும் ஹைட்ரோகார்பன் ஏறும் என்பதால் இது முடிவான தீர்ப்பு இல்லை. ஆனாலும் தேட வேண்டிய திசை தெரிந்துவிடும். போலீஸ்காரர் கேட்டால் காட்டுவதற்கு என்று மடித்து வைக்கிற காகிதத்தை மெக்கானிக்கிடம் எத்தனை பேர் காட்டுகிறார்கள்?

இது வெறும் குலுக்கல் இல்லை

"கொஞ்சம் குலுங்குது, அவ்வளவுதானே? ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிட முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பிரேக். பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கச் செய்வது இதே வேக்குவம்தான். பூஸ்டர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் சிக்னலில் வண்டி குலுங்கும், கூடவே பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகும். இதைச் சோதிக்க ஸ்பானர்கூட வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பிரேக்கை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் நல்லது. இறங்கவில்லை என்றால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துக் குலுக்கலை மறைத்தால், பிரேக் கொடுக்கிற எச்சரிக்கையையும் சேர்த்து மறைத்ததாகத்தான் அர்த்தம்.

இரண்டு, தீ. சில இடங்களில் கசிவைக் கண்டுபிடிக்க பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ ஓடுகிற இன்ஜின் மேல் அடித்துப் பார்க்கிறார்கள். சூடான சைலென்சர் பைப் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பொறி விடும் ஒயரும் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் செய்கிற வேலைக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? ஆம்னியில் இன்ஜின் இருப்பது ஆட்கள் உட்காரும் சீட்டுக்கு அடியில் என்பதை மறந்துவிடக்கூடாது. 2020 பிப்ரவரியில் பஞ்சாப் மாநிலம் லோங்கோவாலில் ஒரு பழைய பள்ளி வேன் தீப்பிடித்து நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்கள். பார்ப்பது என்ற வேலைக்கு மதிப்பு வர ஒரு குழந்தையின் உயிர் போக வேண்டியிருந்தது. அந்த ஓட்டையாவது கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை. ரப்பர் டியூபில் இருக்கிற ஓட்டை குனிந்து தேடினால் மட்டுமே தெரியும்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடு முழுவதும் பரவலாகிவிட்டது. பழைய வண்டிகள் சிலவற்றில் நாளடைவில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரின் கலவை இன்னும் கொஞ்சம் நீர்க்கும். ஏற்கெனவே காற்று கசிகிற வண்டிக்கு இது பட்ட காலிலே படும் என்பது போலத்தான். ஆகவே இனிமேல் குலுங்குகிற வேன்கள் கூடவே வாய்ப்பு அதிகம். தேடத் தெரிந்த கைகளின் தேவையும் கூடும்.

மறுத்துப் பேசுபவர்களுக்கு...

"பார்க்கவும் காசு, மாற்றவும் காசு என்றால் ஏழை ஓட்டுநர் எங்கே போவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் இப்போது கொடுப்பது என்ன? தேவையில்லாத பிளக், தேவையில்லாத கிளீனிங், வண்டி ஓடாத நாளின் வருமானம், ஏற்றி வைத்த ஐடிலிங்கில் மாதம் முழுவதும் போகிற பெட்ரோல்... இவை எல்லாம் தேடாமல் விட்டதற்கான கட்டணம்தான். ரசீது மட்டும் வேறு பெயரில் வருகிறது.

"பார்த்தேன் என்று பொய் சொல்லிக் காசு வாங்கினால்?" என்றும் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். டியூபை அழுத்தும்போது சத்தம் மாறுவது யாருக்கும் கேட்கும். மீட்டர் முள் யாருக்கும் தெரியும். இதில் பொய் சொல்வதைவிட, தேவையில்லாத பாகத்தை மாற்றிவிட்டு "இதுதான் போயிருந்தது" என்று பொய் சொல்வது எளிது.

பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றவே வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. கிலோமீட்டர் கணக்குப்படி மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். அது பராமரிப்பு. காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது சூதாட்டம். இரண்டும் ஒன்றல்ல.

என்ன செய்யலாம்? பட்டறை வாசலில் 'வாட்டர் சர்வீஸ்', 'ஆயில் சர்வீஸ்' என்று எழுதி வைப்பது போல 'கோளாறு கண்டறிய' என்று ஒரு வரியும், பக்கத்தில் ஒரு நியாயமான தொகையும் எழுதி வைக்கட்டும். வேலையை அங்கேயே செய்தால் அந்தத் தொகையைக் கூலியில் கழித்துக்கொள்ளட்டும். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்து வருகிற பையன்களுக்கு ஸ்பானரோடு ஒரு வேக்குவம் மீட்டரையும் கையில் கொடுக்கலாம். ஓட்டுநர்கள் பட்டறைக்குப் போகும்போது, "பிளக் மாத்துங்கண்ணே" என்று மருந்தின் பெயரைச் சொல்லாமல், "நிக்கும்போது மட்டும் குலுங்குது, ஓடும்போது இல்லண்ணே, இந்தாங்க எமிஷன் சீட்டு" என்று நோயைச் சொல்லிப் பழகலாம்.

டாக்டரிடம் போகிறோம். அவர் நாடி பிடித்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, மருந்தே வேண்டாம்" என்று அனுப்பினாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். சந்தோஷமாகவே வருகிறோம். கிரீஸ் கையோடு நிற்கிற அண்ணன் முக்கால் மணி நேரம் குனிந்து தேடிவிட்டு, "ஒரு டியூப்தான் தம்பி, வேற எதுவும் இல்ல" என்று சொன்னால் மட்டும் ஏன் பர்ஸ் மூடிக்கொள்கிறது?

அடுத்த முறை சிக்னலில் ஒரு வேன் குலுங்கிக்கொண்டு நின்றால், அதில் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துப் பாருங்கள்.